அகத்தோன் இல்லாத அரண்: ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: எர்த் வார்ஸ்’ விளையாட்டும் உழிஞை மரபும்

முன்னுரை

மாற்றார் மதிலை வளைத்தலும், வளைக்கப்பட்ட மதிலைக் காத்தலும் தமிழ்ப் புறப்பொருள் மரபில் தனித்த ஒழுக்கமாக வகுக்கப்பட்டவை. தொல்காப்பியர் இவ்விரண்டையும் உழிஞைத் திணையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, முற்றுவோர்க்கு உழிஞை என்றும் காப்போர்க்கு நொச்சி என்றும் இரண்டாகப் பிரித்தது. இவ்வொழுக்கம் ஏட்டில் மட்டுமே எஞ்சியிருக்கும் பழம்பொருள் என்று நாம் வகுப்பறையில் கூறிவருகின்றோம். அது முழு உண்மையன்று. பள்ளி முடிந்து விரைவு ரயிலில் வீடு திரும்பும் மாணவர் பலர் திறன்பேசித் திரையில் செய்துகொண்டிருப்பது மதில் முற்றுதலே ஆகும். அவர்களும் அரண் அமைக்கின்றனர். பிறர் அரணைத் தகர்க்கின்றனர். உள்ளிருக்கும் பொருளைக் கவர்ந்து வருகின்றனர்.

இவ்வகை விளையாட்டுகளுள் ஒன்றான ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: எர்த் வார்ஸ்’ என்பதை எடுத்துக்கொண்டு, அதனை ஒரு பனுவலாகக் கருதித் திறனாய இக்கட்டுரை முயல்கின்றது. லண்டனைச் சேர்ந்த ஸ்பேஸ் ஏப் நிறுவனம் உருவாக்கி 2016ஆம் ஆண்டு வெளிவந்த இவ்விளையாட்டு, கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளத்தக்கது. விளையாடத் தொடங்கிய பின்னரே பணம் செலவிடும் வாயில்களைத் திறந்து காட்டுவது. உருமாறும் எந்திரன்கள் சிங்கப்பூருக்குப் புதியவை அல்ல. செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில் அவற்றின் பெயரிலான முப்பரிமாணச் சவாரி 2011 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. அவ்வரிசையின் ஒரு திரைப்படம் 2023 மே மாதம் மரீனா பே சாண்ட்ஸில்தான் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நம் மாணவர்க்கு ஆப்டிமஸ் பிரைமைத் தெரிந்த அளவு கோவூர்கிழாரைத் தெரியாது என்று வருந்துவதில் பயனில்லை. ஆப்டிமஸ் பிரைமின் வழியாகக் கோவூர்கிழாரிடம் செல்ல இயலுமா, அவ்வழியில் எது தடையாக நிற்கின்றது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

விளையாட்டைப் பனுவலாகக் கொள்ளுதல்

விளையாட்டைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. டச்சு அறிஞர் யொஹான் ஹூயிசிங்கா 1938இல் வெளியிட்ட நூலில் பண்பாட்டின் தோற்றத்திலேயே விளையாட்டு இருப்பதாக நிறுவ முற்பட்டார். பிரெஞ்சு அறிஞர் ரொஜே கயுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, வாய்ப்பு, பாவனை, தலைச்சுற்றல் என்னும் நான்கு கூறுகளின் அடிப்படையில் வகைப்படுத்தினார். 2000களின் தொடக்கத்தில், விளையாட்டைக் கதையாகப் படிப்பதா, விதிகளின் தொகுதியாகப் படிப்பதா என மேலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு பூசல் நிகழ்ந்தது. அப்பூசலின் புழுதி இப்போது அடங்கிவிட்டது. அதிலிருந்து நமக்குப் பயன்படக்கூடியது இயன் போகோஸ்ட் 2007இல் விரித்துரைத்த கருத்தாகும்: ஒரு விளையாட்டின் விதிமுறைகளே அதன் வாதம். அது வாயால் சொல்லும் கதையைவிட, ஆடுவோரை எதைச் செய்ய விடுகின்றது, எதைச் செய்ய விடுவதில்லை என்பதில்தான் அதன் உலகநோக்கு வெளிப்படும்.

தமிழாய்வாளர்க்கு இக்கருத்து அயலானதன்று. துறைகளின் வரிசையிலிருந்து ஒரு போரின் இலக்கணத்தை உய்த்துணரும் பயிற்சி நமக்கு நெடுங்காலமாக உண்டு. உழிஞைக்குத் தொல்காப்பியம் கூறும் துறைகளைப் படிப்பவர், அங்கு முற்றுவோனுக்கு மட்டுமன்றி முற்றப்பட்டோனுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருத்தலைக் காண்பர். அகழியில் நிகழும் போர் இருவர்க்கும் பொது; மதில்மேல் நிகழும் போரும் அத்தகையதே. அகத்தோன், புறத்தோன் என்ற இரு சொற்களைத் தொல்காப்பியரே ஆள்கின்றார். அகத்தோன் என ஒருவன் உள்ளே இருந்தால்தான் உழிஞை உழிஞையாகும்.

இத்திணைக்கு உரிய அகத்திணை மருதம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஊடலில் வாயில் மறுத்த தலைவியும் முற்றுகையில் வாயில் அடைத்த மன்னனும் ஒருவரையொருவர் நினைவூட்டுமாறு இவ்விணைப்பை விளங்கிக்கொள்ளலாம். கதவுக்கு அப்பால் ஒரு மனம் இருக்கின்றது என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

விளையாட்டின் உழிஞை

விளையாட்டின் அமைப்பைச் சுருங்கக் காண்போம். சைபர்ட்ரான் என்னும் கோளிலிருந்து வந்த ஆட்டோபாட், டிசெப்டிகான் என்ற இரு அணிகள் பூமியில் போரிடுகின்றன. ஆடுவோர் தொடக்கத்தில் ஓர் அணியைத் தெரிவு செய்கின்றார். அவர்க்கு ஒரு தளம் வழங்கப்படுகின்றது. அதில் எனர்ஜான் என்னும் ஆற்றற்பொருளையும் உலோகக் கலவையையும் ஈட்டும் கட்டடங்கள், சேமிப்புக் கிடங்குகள், பீரங்கிகள், மதிற்சுவர்கள் ஆகியவற்றை அமைக்கலாம். போருக்குச் செல்லும்போது ஒரு சிறு எந்திரப் படையை மாற்றார் தளத்தின் ஓரத்தில் இறக்கி, எதை முதலில் தாக்குவது என்று விரலால் சுட்ட வேண்டும். கட்டடங்கள் வீழ வீழ, சிறப்பாற்றல்களைப் பயன்படுத்தும் தகுதி கூடும். சில நிமிடங்களில் போர் முடிந்துவிடும்.

இவ்வமைப்பு இவ்விளையாட்டின் கண்டுபிடிப்பன்று. பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ வகுத்த வழியையே இது பின்பற்றியது. அதே சூப்பர்செல் 2017இல் ஸ்பேஸ் ஏப் நிறுவனத்தின் 62 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது என்பதைக் கொண்டு, மூலநூலார் வழிநூலாரைத் தத்தெடுத்துக்கொண்டனர் எனலாம்.

புறத்தோன் கலையைப் பொறுத்தவரை இவ்விளையாட்டைக் குறைகூற இயலாது. மாற்றார் தளத்தை வட்டமிட்டு நோக்கி, எந்தப் பக்கம் காவல் மெலிந்துள்ளது, எந்தப் பீரங்கியை வீழ்த்தினால் எந்த வழி திறக்கும், மருத்துவ எந்திரனை எப்போது இறக்குவது என்று கணித்துச் செயற்படுதல் உண்மையான அறிவுப்பயிற்சியே. வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் ஒரு தளத்தின் வலிமையையும் குறையையும் நிரல்பட எடுத்துரைக்கக் கேட்டால், திருக்குறளின் அரண் அதிகாரத்திற்கு அவர் எவ்வளவு அணித்தாக நிற்கின்றார் என்பது புலனாகும். சிக்கல் காப்போர் பக்கத்தில் இருக்கின்றது.

ஒருவர் தளம் தாக்கப்படும்போது அவர் அங்கு இருப்பதில்லை. அவர் வகுப்பில் இருக்கலாம், உறங்கிக்கொண்டிருக்கலாம். முன்பே நிறுத்திவைத்த பீரங்கிகள் தாமாகச் சுடுகின்றன. மீண்டும் செயலியைத் திறக்கும்போதே, தம் அரண் வீழ்ந்த செய்தியும் இழந்த பொருளின் கணக்கும் அவர்க்குக் கிட்டுகின்றன. அதாவது, இப்போரில் நொச்சி சூடுவோர் எவருமில்லை. மதிலின் மேல் நின்று மறம் காட்டுதல், வாயிலைத் திறந்து வெளிப்படுதல், பணிந்து திறை தருதல் ஆகிய எதற்கும் விதிகளில் இடமில்லை. தொல்காப்பியர் வைத்த அகத்தோன் என்னும் சொல்லை இங்கு எவர்க்கும் சூட்ட முடியாது.

கோவூர்கிழார் கண்ட அரண்

நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தான்; நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தான். அந்நிலையில் கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 44ஆம் பாடல். முற்றுகைப் பாடலாயினும் அதில் மதிலின் உயரமோ படையின் பெருக்கமோ முதன்மை பெறவில்லை. புலவர் நோக்கியது மதிலின் உட்புறத்தை. கவளம் பெறாத களிறுகள் கட்டுத்தறியில் வருந்துகின்றன. பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன. மகளிர் பூவின்றி வறிதே தலை முடிக்கின்றனர். நீரில்லாத நல்ல வீடுகளிலிருந்து புலம்பல் எழுகின்றது. இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு நீ இனிதாக இருத்தல் கொடிது என்று மன்னனிடம் கூறும் புலவர், அறவழியெனில் நினதே என்று கதவைத் திற, மறவழியெனில் போருக்குத் திற, இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு ஒடுங்குதல் நாணத்தக்கது என இடித்துரைக்கின்றார். தாக்குவோனையும் அவர் போற்றவில்லை என்பது கருதத்தக்கது. உழிஞை, நொச்சி என்ற இரண்டையும் குழந்தையின் அழுகையை அளவுகோலாகக் கொண்டு அளக்கும் பாடல் இது.

இவ்வளவுகோலை எர்த் வார்ஸ் தளத்தின் மீது வைத்துப் பார்த்தால் அளப்பதற்கு எதுவுமில்லை. கிடங்கு உண்டு, உண்போர் இல்லை. மதில் உண்டு; குடிகள் இல்லை. அரண் எனப்படுவது உணவைக் கொண்டதாய், அகத்தார் நிலைத்திருத்தற்கு எளிதானதாய் இருத்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் கருத்து (குறள் 745). அவர் அங்கு அகத்தார் என்றே சொல்கின்றார். அவ்வளவில், இவ்விளையாட்டுத் தளம் பெருங்கிடங்கு ஒன்றே; அரண் ஆகாது.

புறநானூற்றின் 45ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அங்கு முற்றுகை உறையூரில். எதிர்த்து நிற்போன் சேரனின் பனையும் சூடவில்லை, பாண்டியனின் வேம்பும் சூடவில்லை. இருவர் கண்ணியும் ஆத்தியே. ஆதலின் யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்பது புலவர் வாதம். ஆட்டோபாட்டும் டிசெப்டிகானும் ஒரே கோளில் பிறந்தவை. அவற்றின் போர் ஓர் உள்நாட்டுப் போர். இக்கதையை உருவாக்கியோர் இதனை அறியாதவர் அல்லர். ஆயினும் விளையாட்டில் அணி என்பது திரையில் ஒரு சின்னத்தைத் தொடுதலோடு முடிந்துவிடுகின்றது. பின்னர் மற்ற அணியையும் அதே விரலால் ஆடலாம். எக்கண்ணியைச் சூடுகின்றோம் என்பதற்கு எவ்விலையும் இல்லை.

சாங்கி என்னும் அரண்

உள்ளிருப்போரை மறந்த அரணுக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, சாங்கியே போதும். இன்று விமான நிலையத்தால் அறியப்படும் இக்கடற்கரைப் பகுதி, 1930களில் பிரித்தானியர் கட்டியெழுப்பிய அரணின் கிழக்கு முனையாக இருந்தது. அங்கு ஜொகூர் பேட்டரி என்ற பெயரில் 15 அங்குல வாயுடைய மூன்று பெரும் பீரங்கிகள் நிறுவப்பட்டன. ஜொகூர் சுல்தான் அளித்த 5,00,000 பவுண்டு நன்கொடையை ஒட்டி அப்பெயர் அமைந்தது. பீரங்கிகள் தவறான திசையை நோக்கி நின்றன என்று இன்றும் சொல்லப்படுவது முழுதும் சரியன்று. அவற்றுள் சில நிலத்தை நோக்கித் திருப்பப்பட்டுச் சுடவும் செய்தன. ஆனால் கப்பலின் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே அவற்றிற்கு மிகுதியாக வழங்கப்பட்டிருந்தன; காலாட்படையைத் தடுக்க அவை பெரிதும் பயன்படவில்லை. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை தீவின் வடமேற்குக் கரையில் இறங்கியது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, அரண் வீழ்ந்தது.

தளத்தைத் தவறாக அமைத்தமையால் நேர்ந்த தோல்வி என்று எர்த் வார்ஸ் ஆடும் மாணவர் இதனை உடனே விளங்கிக்கொள்வார். அது சரியான விளக்கமே. எனினும் பாதி விளக்கம். சரணடையும் முடிவுக்கு முன்னின்ற காரணங்களுள் ஒன்று குடிநீர். குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து நீர் வழங்கல் சிதைந்தது. தீபகற்பத்திலிருந்து வந்த அகதிகளால் நகரம் நிரம்பியிருந்தது. நீரில்லாத வீடுகளின் புலம்பலைக் கோவூர்கிழார் ஆவூரில் கேட்டது போலவே சிங்கப்பூரிலும் கேட்டிருக்கக்கூடும். பீரங்கிகளின் எண்ணிக்கையை நுணுகிக் கணக்கிட்ட அரண், அகத்தார் எதைக் குடிப்பர் என்பதை அத்துணை நுணுகிக் கருதவில்லை.

சின்னம் தெரிவு செய்தலின் விலையும் இந்நகரின் வரலாற்றில் பதிந்துள்ளது. சரணடைந்த இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே செல்லத்தக்க ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் படைவீரர் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வதா, போர்க்கைதியாக இருப்பதா என்னும் வினா அவர்கள் முன் வைக்கப்பட்டது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற பின் மலாயாத் தோட்டப்புறத் தமிழர் பலரும் அப்படையில் சேர்ந்தனர். 1944இல் இம்பால் களத்தில் இந்தியரை எதிர்த்து இந்தியர் நின்றனர். இரு பக்கத்திலும் ஒரே கண்ணி. யார் சரி என்பதை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை. சில குடும்பங்களில் இன்றும் அடக்கிப் பேசப்படும் அத்தெரிவை, ‘அணியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற கட்டளையின் அருகில் வைத்துப் பார்த்தால், விதிகள் எதை விட்டுவிட்டன என்பது தெளிவாகும்.

சாங்கியின் பீரங்கித் தளத்து நிலத்தடிச் சுரங்க அறைகள் பல்லாண்டு மறைந்திருந்து 1991இல் மீண்டும் கண்டறியப்பட்டன. பீரங்கி ஒன்றின் மாதிரியுருவம் இப்போது அங்கு நிற்கின்றது. மாணவரை அங்கு அழைத்துச் செல்வோர், சாங்கி நினைவாலய அரும்பொருளகத்திற்கும் அதே நாளில் அழைத்துச் செல்லுதல் நன்று. முன்னது அரணைக் காட்டும். பின்னது அகத்தாரைக் காட்டும்.

உருமாற்றமும் அதன் விலையும்

எந்திரன்கள் உருமாறுவதே இவ்விளையாட்டின் கவர்ச்சி. தமிழ் மரபிற்கு உருமாற்றம் புதிதன்று. கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்தில் சூரபன்மன் கடைசியில் மாமரமாகின்றான். வேலால் பிளவுண்ட பின் மயிலும் சேவலும் ஆகி, வாகனமாகவும் கொடியாகவும் அமைகின்றான். போர்வீரன் ஊர்தியாக மாறும் கதை நம்மிடம் இருக்கின்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அம்மாற்றம் இறுதியானது. சூரன் மீண்டும் சூரனாவதில்லை. மணிமேகலையில் உருமாற்றத்தின் விலை வேறொருவன் தலையில் விடிகின்றது. மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகையின் வடிவம் கொள்கின்றாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவியை நாடி வந்ததாகக் கருதி உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். வடிவம் மாறினால் உலகில் ஏதோ ஒன்று மீளமுடியாதபடி மாறும் என்பது இவ்விரு காப்பியங்களுக்கும் பொது.

விளையாட்டில் சுமைவண்டி எந்திரனாகின்றது. எந்திரன் மீண்டும் சுமைவண்டியாகின்றது. கண்ணுக்கு விருந்து, வேறொன்றும் நிகழ்வதில்லை. இதற்கு நேர்மாறாக, ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) திரைப்படத்தின் உச்சக்கட்டத்தில் பல நூறு எந்திரன்கள் ஒன்றுகூடிப் பந்தாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் மாறுகின்றன. கலைநயத்தில் அக்காட்சி மிகையானதே. எனினும் அப்படத்தில் எந்திரன் தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் இறுதிக் காட்சிக்கு அம்மிகை கனம் சேர்க்கின்றது.

இப்பொம்மைகளின் பிறப்பு வரலாற்றில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய ‘டயாகுளோன்’ வரிசையில், எந்திரத்தினுள் அமர்ந்து அதனை இயக்கும் சின்னஞ்சிறு மனித உருவங்கள் இருந்தன. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் அப்பொம்மைகள் பலவற்றை ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டபோது ஓட்டுநரை நீக்கிவிட்டு எந்திரத்திற்கே உயிர் கொடுத்தது. இருக்கை இருந்தது, இருப்போன் இல்லை. அந்த வெற்றிடத்தை மார்வெல் நிறுவனத்தின் எழுத்தாளர் பாப் புடியான்ஸ்கி போன்றோர் குணநலன்களால் நிரப்பினர். ஒவ்வோர் எந்திரத்திற்கும் அச்சம், செருக்கு, நட்பு ஆகியன வகுக்கப்பட்டன. எந்திரத்துள் ஓர் அகத்தோன் மீண்டும் குடியேறினான். விளையாட்டோ அவனை மறுபடியும் வெளியேற்றி, அவ்விடத்தில் விண்மீன்களையும் படிநிலை எண்களையும் வைத்தது.

வாங்கிய வீரன் மாள்வதில்லை

சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் குடிகள் எங்கே, குழந்தையின் அழுகை எங்கே என்று எவரேனும் வினவுவரோ எனக் கேட்கலாம். நேர்மையான மறுப்பு இது. ஆனால் சதுரங்கம் தன்னைக் கதையாக முன்வைப்பதில்லை. எர்த் வார்ஸ் கதை சொல்ல முற்படுகின்றது. அதன் கதைப்பகுதியை எழுதியவர் சைமன் ஃபர்மன். 1980களில் மார்வெலின் பிரித்தானிய இதழில் இவ்வெந்திரன்களின் சாவையும் துரோகத்தையும் எழுதிப் பெயர்பெற்றவர். மேலும், இவ்வரிசைக்கே ஒரு காஞ்சி மரபு உண்டு. 1986இல் வெளிவந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைம் இறந்தான். திரையரங்கில் சிறுவர் அழுதனர். புதிய பொம்மைகளுக்கு இடமளிக்கவே பழைய வீரர் கொல்லப்பட்டனர் என்பது கசப்பான உண்மை. எனினும் இழப்பு இழப்பாகவே உணரப்பட்டமையால்தான் 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவனை உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

விளையாட்டில் எவரும் இறப்பதில்லை. அடிபட்ட எந்திரன் பழுதுபார்க்கும் கூடத்திற்குச் சென்று, சிறிது நேரம் கழித்து முன்போலவே திரும்புகின்றது. இதற்குக் கருணை காரணமன்று, வாணிகமே காரணம். பணம் கொடுத்துப் பெற்ற வீரன் களத்தில் மாண்டால், வாங்கியவர் மறுபடியும் வாங்கமாட்டார். ஆகவே ஃபர்மன் எழுதவல்ல சாவை விற்பனை விதி தடுக்கின்றது. நிலையாமை பேசும் காஞ்சித் திணையைத் தொல்காப்பியர் புறத்திணையின் பிரிக்கவியலாத பகுதியாக வைத்தார். க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தோர், வீரத்தின் பெருமை அதன் அழிவோடு பிணைந்தது என்பதை அறிவர். எர்த் வார்ஸில் உழிஞை உண்டு, வாகை உண்டு, காஞ்சி இல்லை.

இழப்பு முற்றிலும் நீங்கிவிட்டதா எனில், இல்லை. அது இடம் மாறியுள்ளது. எந்திரன் இழக்காத உயிருக்கு ஈடாக ஆடுவோர் தம் நேரத்தை இழக்கின்றார். கட்டடம் உயரக் காத்திருக்க வேண்டும். பழுது நீங்கக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க விரும்பாதவர் பணம் செலுத்தலாம். புதிய எந்திரன்களைப் பெறும் வழியோ படிகங்கள். ஒரு படிகத்தை உடைத்தால் எது வெளிப்படும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. கயுவாவின் வகைப்பாட்டில் போட்டியாகத் தொடங்கியது, இவ்விடத்தில் வாய்ப்பாட்டமாக உருமாறுகின்றது. விளையாட்டின் மெய்யான உருமாற்றம் இதுதான் என்பது என் கருத்து. இத்தகைய வாய்ப்புப் பெட்டிகளுள் ஒரு வகையை ஜப்பான் 2012இல் தடைசெய்தது. வேறு சில புகழ்பெற்ற விளையாட்டுகளில் இருந்தவற்றைச் சூதாட்டம் என 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. திருவள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற் குறளில் எச்சரிப்பது தோல்வியைப் பற்றியன்று, வெற்றியைப் பற்றி: சூதில் பெற்ற வெற்றி, மீன் விழுங்கிய தூண்டிற்பொன் போன்றது. தொடக்க நாள்களில் இலவசமாக வாரி வழங்கப்படும் படிகங்களுக்கு இதனினும் பொருத்தமான உரையை நான் கண்டதில்லை.

வகுப்பறை நோக்கில்

இவ்வளவும் கூறிய பின், மாணவரிடமிருந்து இவ்விளையாட்டைப் பறித்துவிட வேண்டும் என்று நான் பரிந்துரைப்பதாகக் கொள்ள வேண்டாம். விளையாட்டுகளைக் கற்பித்தலில் பயன்படுத்துக எனப் பயிலரங்குகளில் வற்புறுத்தப்படுகின்றது. அப்போதெல்லாம் சொற்களைப் பொருத்துதல், எழுத்துகளைச் சுடுதல் போன்ற எளிய பயிற்சிகளே முன்வைக்கப்படுகின்றன. மாணவர் ஏற்கெனவே தேர்ச்சிபெற்ற விளையாட்டைத் தமிழால் ஆராயச் செய்தல் அதனினும் பயனுடையது. தாக்குதல், தற்காப்பு என்று பொதுப்படக் கூறும் மாணவர்க்கு உழிஞை, நொச்சி, கொளை, திறை, அகழி, ஞாயில் முதலிய சொற்களைக் கொடுத்தால், அவை அருஞ்சொற்பட்டியலாக இராமல் கையாளும் கருவிகளாகும். ஞாயில் என்பது மதிலின் உறுப்பு என்று மனனம் செய்வதற்கும், தம் தளத்தில் அதனை எங்கு வைப்பது என்று வாதிடுவதற்கும் வேறுபாடு உண்டு.

புறநானூற்றின் இரண்டு பாடல்களையும் கற்பிக்கும்போது 45ஐ முன்னும் 44ஐப் பின்னும் வைக்கலாம் என்பது என் எண்ணம். ஒரே குடி என்ற வாதம், ஆட்டோபாட், டிசெப்டிகான் கதையை அறிந்த மாணவர்க்கு உடனே பிடிபடும். அதன் பின்னர் 44ஐப் படித்து, அவர்கள் அமைத்த தளத்திற்குள் ஒரு குடும்பத்தைக் குடியமர்த்துமாறு கேட்கலாம். எங்கே உறங்குவர், நீர் எங்கிருந்து வரும், பீரங்கி சுடும் இரவில் குழந்தை என்ன செய்யும் என்பவற்றை அவர்களே தமிழில் எழுதட்டும். தளத்தின் வரைபடத்தை முதலில் தாளில் வரையச் செய்தல் வேண்டும். கிணற்றுக்கு இடம் ஒதுக்கினால் எந்தப் பீரங்கியை அகற்றுவது என்ற வாக்குவாதம் எழும். அதற்கு ஒரு பாடவேளை போதாது, இரண்டு தேவைப்படும்.